பழைய டீசல் காருக்கு எஞ்சின் வேலை பார்க்கலாமா: அறிகுறியிலிருந்து முடிவு வரை

"தம்பி, எஞ்சினை இறக்கத்தான் வேணும்."

கராஜில் இந்தச் சொல் காதில் விழுந்தால் அன்றைக்கே ஓம் என்று தலையாட்ட வேண்டாம். காரை விற்றுவிடுவோம் என்று அன்றைக்கே முடிவெடுக்கவும் வேண்டாம். ஒரு கிழமை தவணை எடுத்து, கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

என்னுடைய டீசல் கார் தொண்ணூறுகளில் செய்தது. அதற்கு இந்தத் தீர்ப்பு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை, காலையில் ஸ்டார்ட் எடுக்காது. எடுத்தாலும் ஒழுங்கையே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்துவிட்டது, முழு எஞ்சினும் செய்ய வேண்டும் என்றார்கள். கடைசியில் பழுதாக இருந்தவை, ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் இரண்டு ஹீட்டர் பிளக்கும், வெடித்துப்போன ஒரு சாண் டீசல் குழாயும்தான். சில வருடம் கழித்து அம்மாவைக் கண்டி கிளினிக்குக்கு ஏற்றிப் போகும்போது, கந்தளாய் தாண்டியதும் கொதித்தது. அந்தத் தடவை, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் உண்மையாகவே வெடித்திருந்தது. ஒரே கார், ஒரே தீர்ப்பு, செலவு மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இங்கே சொல்வதெல்லாம் இயந்திர பம்ப் உள்ள பழைய டீசல்களுக்கு. 2சி, 2எல், 3எல், 4டி56 என்று நம் தெருக்களில் இன்னும் ஓடும் எஞ்சின்கள். கணினி கட்டுப்படுத்தும் புதிய வகையான காமன் ரெயில் எஞ்சின் என்றால் டீசல் குழாய் நட்டுகளில் கை வைக்கவே வேண்டாம். அதில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும். பீறி வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

எஞ்சினுக்கு முன் காருக்கு அடியைப் பாருங்கள்

திருகோணமலையில் கார் வைத்திருப்பவருக்கு இதுதான் முதல் படி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் முற்றத்தில் நிற்கும் கார் இரவு முழுக்க உப்புக் காற்றைக் குடிக்கிறது. எஞ்சினை மாற்றலாம், பம்பை மாற்றலாம், உக்கிய பொடியை, அதாவது காரின் உடலை, மாற்ற முடியாது.

ஒரு ஸ்குறூ டிரைவரையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு காரைக் கராஜின் பள்ளத்துக்கு மேல் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். கதவுக்குக் கீழுள்ள பட்டி, முன் ஷொக் மேலே பிடிக்கும் இடம், பின் அக்ஸில் பூட்டும் இடம், எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பிரேக் பைப் போகும் வழி. இந்த இடங்களில் பிடியால் தட்டிப் பாருங்கள், முனையால் குத்திப் பாருங்கள். மேலால் கறள் என்றால் சுரண்டிப் பூசலாம். முனை உள்ளே இறங்கினால், அதுவும் ஷொக் பிடிக்கும் இடத்திலோ குறுக்குச் சட்டத்திலோ இறங்கினால், எஞ்சின் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். புது பெயின்ட்டும் தார் பூச்சும் தடிப்பாக இருக்கும் இடத்தை இரண்டு மடங்கு கவனமாகக் குத்துங்கள்.

இந்தப் பொடி இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று ஒரு எண்ணை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றா, ஐந்தா, பத்தா? கடைசிக் கணக்குக்கு அது வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் எடுக்கவில்லை, வெள்ளைப் புகை

பயப்படுத்தும் அறிகுறிகளில் பெரும்பாலும் மலிவாக முடிவது இதுதான். டீசலில் பொறி கிடையாது. காற்றை நெருக்கும் சூட்டில்தான் எரிய வேண்டும். வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போகிறது, எரிய வேண்டிய சூடு இல்லை. நுவரெலியாக் குளிரில் நல்ல எஞ்சினும் அடம்பிடிக்கும். நம் ஊரில் விடியற்காலையிலும் வெக்கைதான். அதனால் ஒரு ஹீட்டர் பிளக் செத்தாலும் இங்கே பெரிதாகத் தெரியாது. இரண்டு மூன்று போன பிறகுதான் அடம் தொடங்கும்.

முதலில் செல்ஃப் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று கேளுங்கள். சோம்பலாகச் சுற்றினால் பற்றரியை மீற்றரால் அளந்து பாருங்கள். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. பற்றரி சரியாக இருந்தும் சோம்பல் என்றால் எர்த் வயரைக் கழற்றுங்கள். கடலோரக் கார்களில் எர்த் வயர் பொடியில் பூட்டும் இடம் பச்சை படிந்து, கறள் பிடித்துக் கிடக்கும். சுரண்டிப் பூட்டினால் எஞ்சின் புதிதாகச் சுற்றும். நெருக்கத்தில் சூடு வரப் போதிய வேகம் வேண்டும் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து ஹீட்டர் பிளக். நான்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றுங்கள். பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சிறு பல்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். பல்ப் எரிந்தால் உள்ளே கம்பி அறவில்லை, எரியாவிட்டால் பிளக் செத்துவிட்டது. நான்கும் நல்லது என்றால் தகட்டுக்கு 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். ரிலே போயிருக்கலாம்.

பிறகு காற்று. இரவு நின்றால் காலையில் எடுக்காது, ஒருமுறை எடுத்தால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை என்றால் டீசல் வழியில் எங்கோ காற்று இழுக்கிறது. பம்புக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பின் ரப்பரும், டீசலைத் தூவும் நொசில்களுக்கிடையே போகும் திரும்பு குழாயும் வழக்கமான இடங்கள். இதுவரை செலவு ஆயிரக் கணக்கில்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நீண்ட நேரம் சுற்றினால்தான் எடுக்கிறது, சூடானால்கூடச் சுணங்குகிறது என்றால் கம்பிரஷன், அதாவது சிலிண்டரில் காற்று நெருங்கும் அழுத்தம், பார்க்க வேண்டும்.

கம்பிரஷன்: இந்தச் சோதனை இல்லாமல் எஞ்சினைத் திறக்க விடாதீர்கள்

எவ்வளவு நல்ல கராஜ் பாஸாக இருந்தாலும் சரி, புகையைப் பார்த்தே ரிங் போய்விட்டது என்றால் மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணன், கம்பிரஷன் எவ்வளவு காட்டுது?" எண் இல்லை என்றால் முடிவும் இல்லை.

டீசலுக்கென்று உள்ள கேஜ் வேண்டும். பெற்றோல் கேஜ் 300 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவோடு முடிந்துவிடும், உடைந்தும் போகும். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, பம்பில் டீசலை நிறுத்தும் சொலினொய்டின் வயரைக் கழற்றி, நல்ல பற்றரியில் ஒவ்வொரு சிலிண்டராக எடுங்கள். இந்த வகை எஞ்சின்கள் நன்றாக இருக்கும்போது 400 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டும். 300க்குக் கீழே போனால் ஸ்டார்ட் சிரமம். எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசம். ஒன்றுக்கும் மற்றதற்கும் 70 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தால் அந்தச் சிலிண்டரில் தனியாக ஏதோ இருக்கிறது.

குறைந்த சிலிண்டரில் அரைத் தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அதற்கு மேல் விட வேண்டாம். டீசலில் மேலே இடைவெளி மிகக் குறைவு, ஒயில் நெருக்கினால் சுருங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்டை வளைத்துவிடும். எண் ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்). ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட்.

இன்னும் உறுதியாகத் தெரிய ஒரு வழி உண்டு, டயர் கடைக் கொம்பிரசரே போதும். அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை நெருக்க அடியின் உச்சிக்குக் கொண்டு வந்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹீட்டர் பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றுங்கள். எஞ்சின் திடீரென்று சுழலக்கூடும், பெல்ட் பக்கம் கையை வைக்காதீர்கள். காற்று ஒயில் மூடி வழியாக இரைந்தால் ரிங். ஏர் ஃபில்டர் பக்கம் இரைந்தால் உள் வால்வு, சைலன்சரில் இரைந்தால் வெளி வால்வு. ரேடியேற்றரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட். வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். சிலவேளை வால்வு இடைவெளி இறுகியிருப்பதுதான் காரணம், அதற்கு ஹெட்டையும் கழற்றத் தேவையில்லை.

கறுப்புப் புகை

இதற்காக எஞ்சினை இறக்கத் தேவையில்லை. காற்றுக் குறைவு அல்லது டீசல் கூடுதல். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், நொசில்களை டீசல் பம்ப் வேலை செய்யும் இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தூவ வேண்டியது சொட்டினால் கறுப்புத்தான். டர்போ உள்ளதென்றால் குழாய் கிழிந்திருக்கிறதா பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முந்திய புகைப் பரிசோதனையில் தவறுவதும் அநேகமாக இதனால்தான். அதற்காகப் பம்பின் ஸ்குறூவைத் திருப்பி டீசலைக் குறைத்துப் பாஸ் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நொசில் பழுது அப்படியே இருக்கும், காருக்கு இழுவையும் போய்விடும்.

நீலப் புகை, ஒயில் குறைகிறது

எவ்வளவு குறைகிறது என்று முதலில் எழுதிவையுங்கள். 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றருக்குக் குறைவு என்றால் பழைய எஞ்சினுக்கு அது நோயல்ல. ஒரு கான் ஒயிலை டிக்கியில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஒரு லீற்றரைத் தாண்டினால் தேட வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் எடுத்தவுடன் ஒருதரம் நீலம் வந்து பிறகு தெளிந்தால் வால்வு சீல், சின்ன வேலை. ஓடும்போது, அதுவும் பாரத்தில், விடாமல் நீலம் வந்தால் ரிங் பக்கம். எஞ்சின் ஐட்லில், அதாவது அக்சிலரேற்றரை மிதிக்காமல், ஓடும்போது ஒயில் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்தத் துளை மேலேயே வையுங்கள். மெதுவாக ஆடினால் சரி. துள்ளி விழுந்தால், புகை தள்ளித் தள்ளி வந்தால், நெருக்கம் கீழே இறங்குகிறது. கம்பிரஷன் எண்ணும் அதையே சொன்னால் அது ரிங்கோ போரோதான்.

இந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒயில் ஆவி காற்று வழியில் அதிகம் போனால் எஞ்சின் தன் ஒயிலையே எரித்துத் தானாக வேகம் எடுக்கும். திறப்பை எடுத்தாலும் நிற்காது. கைகியர் என்றால் பிரேக்கை முழுக்க மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளச்சை விட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் காற்று போகும் வாயை ஒரு பலகையால் அடையுங்கள். கையால் அடைக்க வேண்டாம்.

ரிங் மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் போரை அளந்தீர்களா என்று கேளுங்கள். நீள்வட்டமாகத் தேய்ந்த போரில் புது ரிங் சில மாதம்தான். எஞ்சின் வேலையில் காசு தண்ணீராய்ப் போவது இந்த அரைகுறை வேலையில்தான்.

கொதிக்கிறது, தண்ணீர் குறைகிறது

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊர்ச் சாலையில் நிற்கும் கார்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும். முடிவெடுக்கச் சிரமமானதும் இதுதான், ஏனென்றால் சில நூறு ரூபாய் மூடியும் சில இலட்ச ரூபாய் ஹெட்டும் வெளியே ஒரே மாதிரிக் காட்டும்.

மலிவானவற்றைத் தாண்டாமல் ஹெட்டுக்குப் போகாதீர்கள். ரேடியேற்றர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும். ரேடியேற்றரின் மெல்லிய தகடுகள்; உப்பில் அவை பொடிப்பொடியாக உதிரும், உதிர்ந்தால் தண்ணீர் ஓடும், சூடு போகாது. விசிறி உரிய நேரத்தில் சுற்றுகிறதா, தண்ணீர்ப் பம்பில் கசிவா. பிறகு தண்ணீர் சூடானதும் ரேடியேற்றருக்கு வழி திறக்கும் தேமோஸ்டாட். சுடுதண்ணீரில் போட்டால் 80 பாகை தாண்டித் திறக்க வேண்டும். நம் ஊர் வெக்கைக்கு இது தேவையில்லை என்று கழற்றி எறிவது பரவலான பழக்கம். அது தவறு. நிறைய எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியாகவே திரும்பிச் சுற்றும். டீசல் எஞ்சினும் ஒழுங்காகச் சூடேறாமல் தேயும்.

கடலோரக் கிணற்றுத் தண்ணீரை விடவே வேண்டாம். அதன் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து வழியை அடைக்கும். கூலண்ட் வாங்க முடியாவிட்டால் பற்றரிக்கு விடும் தண்ணீரோ வடித்த மழைத்தண்ணீரோ மேல், அதுவும் தற்காலிகத்துக்கு.

இவை எல்லாம் நன்றாக இருந்தும் தண்ணீர் குறைகிறது, நிலத்தில் சொட்டு இல்லை என்றால் எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் இதைச் செய்யுங்கள். ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் எடுங்கள். தொடர்ந்து சீராகக் குமிழி வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. மூடியைப் பூட்டி ஸ்டார்ட் எடுத்தால் இரண்டொரு நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் முன்னமே, மேல் குழாய் கல்லாக இறுகும். ஒயில் குச்சியில் பால் தேத்தண்ணி நிறம் வந்தால் தண்ணீர் ஒயிலுக்கும் போய்விட்டது, இனி ஓட்டக் கூடாது. காலையில் செல்ஃப் அடித்ததும் "டங்" என்று நின்றால் சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. தள்ளி ஸ்டார்ட் எடுக்கவே வேண்டாம், கனெக்டிங் ரொட் வளையும்.

கந்தளாய்க்கு அப்பால் எனக்கு நடந்தது இதுதான். ஊசி சிவப்புக்கு ஏறியதும் நிறுத்தினேன், ஆனால் பதற்றத்தில் ஆறும் முன்னமே குளிர்தண்ணீர் விட்டேன். எஞ்சினை ஓட்டாமல், போனட்டைத் திறந்து முக்கால் மணித்தியாலம் பொறுத்திருந்தால் ஹெட் தப்பியிருக்கக்கூடும். அம்மா வீதியோரத்தில் காத்திருந்ததை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது.

ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றிப் பூட்ட விடாதீர்கள். லேத் உள்ள இடத்துக்கு அனுப்பி, மட்டம் பார்த்து, தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். வால்வுகளுக்கிடையே மயிரிழை வெடிப்பு இந்த எஞ்சின்களில் வழக்கமான இடம். வெடித்த ஹெட்டை ஒட்டித் தருகிறேன் என்பதை நான் ஏற்கவில்லை. நல்ல பழைய ஹெட் ஒன்றைச் சோதித்துப் போடுவதே மேல். செதுக்கினால் கேஸ்கட்டின் தடிப்பும் பார்க்க வேண்டும், டீசலில் பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்பதை வைத்து அது மாறும்.

உள்ளே தட்டும் சத்தம், ஒயில் விளக்கு மினுங்குகிறது

கூர்மையான "டக் டக்" நொசிலாக இருக்கலாம். எஞ்சின் ஐட்லில் ஓட, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, கையுறை அணிந்து, ஒவ்வொரு நொசிலின் டீசல் குழாய் நட்டாகச் சற்றுத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் போகிறதோ அந்தச் சிலிண்டர்தான். அந்த நொசிலைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். சத்தமும் கூடவே போனால் நொசில் வேலையோடு முடிந்தது. சத்தம் இருந்த இடத்திலேயே இருந்தால், அதுவும் கனத்த, மந்தமான சத்தமென்றால், பெயரிங்.

ஒயில் விளக்கு சூட்டில் ஐட்லில் மினுங்கினால் முதலில் சுவிட்சைக் கழற்றி அங்கே ஒரு கேஜைப் பூட்டுங்கள். ஐட்லில் 5 பி.எஸ்.ஐ.யாவது, 3000 சுற்றில் 35 அளவுக்காவது இருந்தால் பழி சுவிட்சுடையது. குறைவென்றால் ஒயிலை வடித்து வெயிலில் பாருங்கள், ஃபில்டரை வெட்டி விரியுங்கள். செம்பு நிறத் துகள் மினுங்கினால் காரை அசைக்காதீர்கள். அன்றைக்கே நிறுத்தினால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைச் செதுக்கி 0.25 மி.மீ. பெயரிங் போடலாம். ஒரு கிழமை ஓட்டினால் கிராங்கும் கணக்கில் சேரும்.

எந்த எஞ்சினுக்கும் டைமிங் பெல்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 2சியில் பம்பின் முன் சீல் கசிந்தால் டீசல் அந்தப் பெல்ட்டை நனைக்கும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

கணக்கு

சரி, பழுது தெரிந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் உறவுகள், காரின் விலையில் பாதிக்கு மேல் செலவென்றால் எறிந்துவிடு என்பார்கள். நம் நாட்டில் அது பொருந்தாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது, வரியும் அதிகம். அதனால் முப்பது வருடக் காரும் இங்கே இலட்சங்களில் நிற்கிறது.

பார்க்க வேண்டியது காரின் முழு விலையை அல்ல. ஓடும் நிலையில் என்ன விலை, இப்படியே விற்றால் என்ன விலை, இரண்டுக்கும் இடையே எவ்வளவு என்பதையே. கணக்குக்காக, ஓடினால் 30 இலட்சம், இப்படியே 23 என்று வையுங்கள். இடைவெளி 7. எஞ்சின் வேலை 4 என்றால் செய்யலாம். அதோடு தகர வேலை 2, பம்ப் 1 என்று வந்தால் ஏற்கெனவே சமம், எதிர்பாராத செலவுக்கு இடமே இல்லை. கராஜ் சொல்லும் தொகையில் லேத் கூலி, நொசில், பம்ப், ரேடியேற்றர், கிளச் சேர்ந்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். எழுதாத சாமானுக்காக நான் எப்போதும் காற்பங்கு கூட்டிக்கொள்கிறேன்.

இப்போது தொடக்கத்தில் குறித்த பொடியின் வயதை எடுங்கள். முழு எஞ்சினையும் ஒழுங்காகச் செய்தால் இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடும். ஊருக்குள்ளும் மாதம் ஒரு தூரப் பயணமுமாக வருடத்துக்கு 8000 ஓட்டுபவருக்கு அது பன்னிரண்டு வருடம். நான்கு வருடத்தில் உக்கப்போகும் பொடிக்குள் பன்னிரண்டு வருட எஞ்சினைப் போடுவது வீண். அப்படிப்பட்ட காருக்கு ஹெட் வேலை மட்டும், அல்லது சோதித்து வாங்கிய ரீகண்டிஷன் எஞ்சின் போதும். பொடி பத்து வருடம் தாங்கும், எஞ்சினின் போரும் கிராங்கும் போய்விட்டன என்றால் துணிந்து முழுதாகச் செய்யுங்கள்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ எஞ்சின் வாங்கினால் அங்கேயே கம்பிரஷன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டையும் இறக்குமதிப் பத்திரத்தையும் வாங்குங்கள். எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருப்பதால் மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியாத காரை விற்கும் நாளில் சிக்கல் வரும்.

நான் அந்த வெடித்த ஹெட்டுக்குப் பதில் சோதித்த பழைய ஹெட் ஒன்றைப் போட்டேன். கம்பிரஷன் நான்கிலும் நன்றாக இருந்ததால் கீழே கை வைக்கவில்லை. ரேடியேற்றரையும் புதிதாக்கினேன். முதல் 1000 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றினேன். அதுவரை தூரம் போகவில்லை. பாலையூற்று, சாம்பல்தீவு, கிண்ணியாப் பாலம் என்று கிட்டவே ஓட்டி, ஒவ்வொரு காலையும் எஞ்சின் ஆறிய பிறகு தண்ணீர் மட்டத்தைக் குறித்து வந்தேன். பத்து நாள் கோடு அசையவில்லை. பதினோராம் நாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போனேன்.